ஆற்றில் இட்டதும் குளத்தில் தேடியதும்

'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்பது தமிழகத்தில் இன்றும் வழங்கும் பழமொழி. பொருந்தா இடத்தில் தேடி அலைவோரை எள்ளுவதற்கு மக்கள் அதனைக் கையாள்கின்றனர். ஆனால், அப்பழமொழிக்கு மூலமாகக் கூறப்படும் நிகழ்ச்சியில் எள்ளலுக்கு இடமில்லை. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அவருக்கு ஆணை கிடைத்தது. சேக்கிழாரின் பெரியபுராணம் இதனை விரித்துரைக்கிறது. எங்கே இட்டால் எங்கே கிடைக்கும் என்னும் வழி சுந்தரருக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அதற்கு மேலும் ஒரு முன்னெச்சரிக்கையாக, பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். கிடைப்பது இட்டதுதானா என்று உரைத்துப் பார்க்க வேண்டுமல்லவா?

திருமுதுகுன்றம் என்னும் அப்பழம்பதியே இன்றைய விருத்தாசலம். கடலூர் மாவட்டத்திலுள்ள இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரும் உண்டு. பொன்னுக்கு மாறாக மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் இவ்வூர், தன் பொருள்களை இணையம் என்னும் பேராற்றில் இடத் தொடங்கியுள்ளது. அவற்றைத் தேடுவோர் எந்தக் குளத்தில் தேடுகின்றனர், தேடியவர் கையில் அவை அகப்படுகின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

பெயரின்றிப் போகும் பொருள்கள்

நெய்வேலிச் சுற்றுவட்டத்தில் பழுப்பு நிலக்கரிக்காகத் திறக்கப்படும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. மண் அருகிலிருந்ததும், இருப்புப்பாதைச் சந்திப்பு வாய்த்திருந்ததும், அரசு தொழிற்பேட்டை அமைத்ததும் சேர்ந்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை வேரூன்றச் செய்தன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளது. சிறு கூடங்கள் பலவற்றில் மின்காப்பிகள், பியூஸ் கேரியர்கள், ஊறுகாய் ஜாடிகள், பொம்மைகள், அகல் விளக்குகள் முதலியன உருவாகின்றன. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை வார்த்து, உலர்த்தி, மெருகு பூசி, சூளையிலிட்டு எடுக்கும் இவ்வேலையில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது.

இப்பொருள்களின் இயல்பு ஒன்றைக் கருத வேண்டும். தஞ்சாவூர்த் தட்டும் காஞ்சிப் பட்டும் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு விற்பனைக்குச் செல்கின்றன. வீட்டுச் சுவரிலுள்ள மின்பெட்டியைத் திறந்து பியூஸ் கேரியரைக் கழற்றுபவர் அது எந்த ஊர் மண் என்று நினைப்பதில்லை. கார்த்திகைத் திருநாளில் திண்ணையில் எரியும் வெண்ணிற அகலும் அத்தகையதே. செய்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வணிகர் பலர் நிற்க, ஊரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பெயர் உதிர்ந்தால் விலை சொல்லும் உரிமையும் உடன் உதிர்கிறது. இவ்விடைவெளியைக் குறைக்க வல்லது இணையதளம் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும், தளம் ஒன்றை அமைத்துவிட்டதனாலேயே அது கண்டறியப்படும் என்று எண்ணுவது, கடைக்குக் கதவு வைத்துவிட்டுத் தெருவை மறந்ததற்கு ஒப்பாகும்.

தண்டவாளம் இல்லாத நிலையம்

தேடுபொறி எவ்வாறு ஒரு பக்கத்தை அறிகிறது? வலைச்சிலந்தி எனப்படும் நிரல் ஒரு பக்கத்தைப் படிக்கிறது. அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்கிறது. அவ்விணைப்புகள் வழியே அடுத்த பக்கங்களுக்குச் செல்கிறது. படித்தவற்றைத் தன் அடைவில் சேர்க்கிறது. ஒருவர் தேடுசொல்லைத் தட்டச்சிடும்போது தேடுபொறி இணையம் முழுவதும் ஓடிப் பார்ப்பதில்லை. முன்னரே சேர்த்துவைத்த அடைவையே புரட்டுகிறது. அடைவில் இல்லாத பக்கம், எவ்வளவு சிறப்புடையதாயினும், தேடுபவரைப் பொறுத்தவரை இல்லாத பக்கமே.

விருத்தாசலத்து மாணவருக்கு இதனை விளக்க இருப்புப்பாதையே போதும். விழுப்புரத்தையும் திருச்சியையும் இணைக்கும் தடத்தில் உள்ள இச்சந்திப்பிலிருந்து ஒரு கிளை கடலூருக்கும் மற்றொரு கிளை சேலத்துக்கும் பிரிகிறது. இங்கு வந்து சேரும் வண்டி எத்திசைக்கும் செல்லலாம். ஆனால், தண்டவாளம் இடப்படாத ஊரில் எழிலான நிலையம் கட்டினாலும் அங்கு வண்டி வாராது. வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத இணையப் பக்கம் அத்தகைய நிலையம். அதனை இணையத் துறையினர் அநாதைப் பக்கம் என்பர். புதிதாகத் தொடங்கிய சிறுதொழில் தளங்களில் இத்தகைய பக்கங்கள் பல. முகப்பில் அழகிய படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பொருள்களின் பக்கங்களுக்கோ உருளும் பட்டியலுக்குள் ஒளிந்த ஒரு பொத்தானைத் தவிர வழியே இராது.

இக்குறையை ஈடுசெய்யவே தளவரைபடம் தோன்றியது. தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, அக்கோப்பு இருக்குமிடத்தைத் தேடுபொறிக்கு அறிவிப்பதே இதன் அடிப்படை. கூகுள் நிறுவனம் 2005 சூன் திங்களில் இதற்கான வடிவத்தை வெளியிட்டது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாப்டும் அதனை ஏற்றுக்கொண்டன. ஒன்றோடொன்று கடும் போட்டியிட்ட மூன்று நிறுவனங்கள் ஒரே வடிவத்துக்கு உடன்பட்டமை வியப்புக்குரியதே. ஒரே கோப்பை எழுதி எல்லாத் தேடுபொறிகளுக்கும் அளிக்கும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது. சிறு தளத்தினருக்கு இதன் பயன் பெரிது. எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படும் இக்கோப்பு ஒன்றில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். ஒவ்வொரு முகவரியுடனும் அப்பக்கம் இறுதியாகத் திருத்தப்பட்ட நாளையும் குறிக்கலாம்.

விற்கப்படும் மந்திரம்

தளவரைபடம் வைத்தால் தேடல் முடிவில் முதலிடம் கிடைக்கும் என்று சொல்லிக் கட்டணம் பெறுவோர் உளர். இது பிழையான வாக்குறுதி. தளவரைபடம் ஒரு வேண்டுகோளேயன்றி ஆணையன்று. பட்டியலிட்ட பக்கங்கள் அனைத்தும் அடைவில் சேரும் என்பதற்குக்கூட உறுதியில்லை எனக் கூகுள் தன் வழிகாட்டுதலில் தெளிவாகவே கூறியுள்ளது. தரவரிசை என்பது வேறு கணக்கு. பக்கத்தின் உள்ளடக்கம், பிற தளங்கள் அதற்குத் தரும் இணைப்புகள், தேடுபவரின் தேவையோடு அது பொருந்தும் தன்மை முதலிய பலவற்றை ஒட்டியது அது. வழிகாட்டிப் பலகை ஊரைச் சுட்டும், ஊரைச் சிறப்புடையதாக்காது.

அதே வழிகாட்டுதலில் மற்றொரு செய்தியும் உள்ளது. ஏறத்தாழ 500 பக்கங்களுக்குட்பட்ட தளமாக இருந்து, அதன் பக்கங்கள் எல்லாம் முகப்பிலிருந்து இணைப்புகள் வழியே அடையத் தக்கவையாக இருப்பின், தளவரைபடம் தேவைப்படாமலும் போகலாம். விருத்தாசலத்துப் பீங்கான் கூடம் ஒன்றின் தளத்தில் 500 பக்கங்கள் எங்கே இருக்கப்போகின்றன? அப்படியாயின் இவர்களுக்குத் தளவரைபடம் வீண்வேலை என்று முடிவு கட்டலாமா?

அம்முடிவு அவசரமானது. அளவு மட்டுமே அளவுகோல் அன்று. புதிய தளம், வெளியிலிருந்து இணைப்புகள் அரிதாகக் கிடைக்கும் தளம், படங்கள் மிகுந்த தளம் ஆகியவற்றுக்குத் தளவரைபடம் உதவும் என்பதும் அவ்வழிகாட்டுதலிலேயே காணப்படுகிறது. இம்மூன்றும் சிறு பீங்கான் கூடத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. அதனைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆகவே வெளி இணைப்பு அரிது. அதன் சரக்கோ கண்ணால் கண்டு வாங்கப்படுவது. ஆகவே படமே அதன் மொழி. பக்க முகவரியோடு படங்களின் முகவரிகளையும் தளவரைபடத்தில் சேர்க்க இடமுண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் இருப்பின், இவை ஒன்றன் மாற்று வடிவங்கள் என்பதையும் அதிலேயே சுட்டலாம். வடமாநில வணிகருக்கு ஆங்கிலப் பக்கமும் உள்ளூர் இல்லத்தரசிக்குத் தமிழ்ப் பக்கமும் சென்று சேர இது துணைசெய்யும்.

இங்கு நேர்மை பற்றியும் ஒரு சொல். பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், திருத்திய நாளை மட்டும் நாள்தோறும் புதுப்பிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. தேடுபொறி உண்மையான மாற்றத்தோடு அந்நாளை ஒப்பிட்டுப் பார்க்கிறது; பொருந்தாதபோது அக்குறிப்பை நம்புவதை விட்டுவிடுகிறது. பக்கங்களின் முதன்மையை எண்ணால் குறிக்கும் வசதியும் அவ்வடிவத்தில் இருந்தது. எல்லாரும் எல்லாப் பக்கங்களையும் மிக முதன்மையானவை என்று குறித்தால் அவ்வெண்ணுக்கு என்ன மதிப்பு இருக்கும்? கூகுள் அதனைப் பொருட்படுத்துவதே இல்லை.

சுந்தரரின் மச்சத்தை இங்கு நினைவுகூரலாம். தளவரைபடத்தை அளித்த பின்னர், எத்தனை பக்கங்கள் அளிக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை அடைவில் சேர்ந்தன, சேராதவை ஏன் சேரவில்லை என்பவற்றைத் தேடுபொறிகள் தள உரிமையாளருக்கு அறிக்கையாகத் தருகின்றன. இட்டதையும் கிடைத்ததையும் ஒப்பிடும் உரைகல் அது. கோப்பைவிட இவ்வறிக்கையே மதிப்புமிக்கது என்று கூறினும் மிகையாகாது. ஆனால், அதனைத் திறந்து பார்ப்போர் அரியர்.

பல பெயர் கொண்ட ஊர்

விருத்தாசலத்துக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. திருமுதுகுன்றம், பழமலை என்னும் பழம்பெயர்கள் ஒருபுறமிருக்க, இன்றைய பெயரையே விருத்தாசலம் என்றும் விருத்தாச்சலம் என்றும் எழுதுகின்றனர். ஆங்கில எழுத்துகளிலோ இன்னும் பல வடிவங்கள் வழங்குகின்றன. போதாக்குறைக்கு, சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனின் இயற்பெயரும் விருத்தாசலமே! கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த அவரைத் தேடுபவர் ஊரைக் காணலாம்; ஊரைத் தேடுபவர் அவரைக் காணலாம். இலக்கிய மாணவருக்கு இது இனிய விபத்து. நூறு மின்காப்பிகள் வாங்க எண்ணுபவருக்கு அப்படியன்று.

தளவரைபடம் இச்சிக்கலைத் தீர்க்காது. பக்கத்தின் தலைப்பும் உரையும்தாம் தீர்க்க வேண்டும். 'எங்கள் பொருள்கள்' என்னும் தலைப்பு எந்த ஊருக்கும் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் உரியதன்று. 'விருத்தாசலம் பீங்கான் அகல் விளக்குகள்' என்று எழுதினால் ஊரும் பொருளும் ஒருங்கே நிற்கும். ஊரின் மாற்று வடிவங்களையும் பழம்பெயரையும் தளத்தின் அறிமுகப் பகுதியில் இயல்பான தொடர்களில் எடுத்துரைக்கலாம். படத்தின் கீழ் எழுதும் விளக்கத்துக்கும் இது பொருந்தும். கைப்பேசி தானாக இடும் எண்களையே படத்தின் பெயராக விட்டுவிடும் வழக்கத்தால் எத்தனையோ பொம்மைகளும் ஜாடிகளும் தேடுவார் கண்ணில் படாமல் கிடக்கின்றன.

தமிழ் இணைய வரலாறே இதற்கு ஒரு பெரும் எச்சரிக்கை. 1990-களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த அவ்வெழுத்துகள் கணினிக்குப் பொருளற்ற குறிகளாகவே இருந்தன. பக்கங்கள் இருந்தன, வாயிலும் இருந்தது, ஆனால் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. ஒருங்குறி பரவிய பின்னரே இந்நிலை மாறியது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்றோ விலைப்பட்டியலையும் அறிவிக்கையையும் ஒளிப்படமாக எடுத்துத் தளத்தில் ஒட்டிவிடும் வழக்கம் பெருகிவிட்டதால், எழுத்துருக் காலத்து இருள் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. தளவரைபடத்தில் இடம்பெற்றாலும் அப்படத்திலுள்ள சொற்கள் தேடுவோருக்கு உரிய முறையில் சென்றடைவதில்லை.

மனிதருக்கான வரைபடம்

இதுவரை கூறியது நிரல் படிக்கும் வரைபடம். மனிதர் படிக்கும் தளவரைபடம் வேறு. தளத்தின் எல்லாப் பகுதிகளையும் தலைப்பு வாரியாக ஒரே பக்கத்தில் இணைப்புகளாகக் காட்டுவது அது. தேடல் பெட்டிகள் பெருகிய இந்நாளில் அது பழம்பாணி என்று கருதுவோர் பலர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

விருத்தகிரீசுவரர் கோயிலுக்கு வருவோர் அங்கு எல்லாம் ஐந்து என்று சொல்லக் கேட்கலாம். கோபுரம் ஐந்து, திருச்சுற்று ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து என அவ்வடுக்கு நீளும். முதன்முறை வரும் முதியவரும் எதைக் கண்டோம், எது எஞ்சியுள்ளது என்று விரல்விட்டு எண்ணிவிடுகிறார். பரந்த வளாகம் ஒன்றை மனத்தில் பதியவைக்கும் இவ்வடுக்குமுறை, தளவரைபடம் செய்யும் வேலையையே செய்கிறது. தேடல் பெட்டி, தேடுவதன் பெயர் தெரிந்தவருக்கே பயன்படும். என்ன இருக்கிறது என்றே அறியாதவருக்கு முழுமையைக் காட்டும் பட்டியல் வேண்டும். அறைகளுக்குப் பூட்டும் சாவியும் இருந்தால் போதாது. வீட்டில் எத்தனை அறைகள் என்பதும் தெரிய வேண்டும்.

பார்வைக் குறையுடையோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் இணையத்தைக் காதால் படிக்கின்றனர். சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் பட்டியல்களும், தானே ஓடும் படங்களும் அவர்களைத் திகைக்க வைக்கின்றன. ஒழுங்காக அடுக்கிய இணைப்புப் பக்கம் அவர்களுக்கு நேர்வழி. 2008-இல் வெளியான உலகளாவிய அணுகுதன்மை நெறிகள், ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்து, அதற்குரிய முறைகளுள் ஒன்றாகத் தளவரைபடத்தைக் குறிப்பிடுகின்றன. இந்திய அரசு இணையதளங்களுக்கென 2009-இல் வெளியான வழிகாட்டு நெறிகளும் தேடல் வசதியோ தளவரைபட இணைப்போ வேண்டும் என்கின்றன. பட்டயப் படிப்பில் சேர விரும்பும் சிற்றூர் மாணவரும், உதவித்தொகை அறிவிப்பைத் தேடும் தொழிலாளியின் மகளும் பெரும்பாலும் சிறு திரை கொண்ட கைப்பேசியிலேயே இவற்றைத் தேடுகின்றனர். விண்ணப்பத்தின் இறுதி நாள் எந்த அடுக்கில் மறைந்துள்ளது என்று அறியாமல் ஓராண்டை இழப்பது சிறிய இழப்பன்று.

மனிதருக்கான வரைபடத்தை எழுத உட்காரும்போதுதான் தளத்தின் குழப்பம் உரிமையாளருக்கே வெளிப்படுகிறது. செய்பவரின் மனத்தில் பொருள்கள் செய்முறையை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும்: வார்ப்பு, அழுத்தம், சக்கர வேலை. வாங்குபவரின் மனத்தில் அவை பயனை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும்: சமையலறை, மின்வேலை, திருவிழா, பரிசு. முதல் அடுக்கைத் தளத்தில் வைத்துவிட்டு வாங்குவோர் குழம்புகின்றனர் என்று வருந்துவதில் பயனில்லை. சூளையில் கலங்களை அடுக்குவோர் இதனை எளிதில் உணர்வர். மெருகிட்ட கலங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி தவறினால் அனல் பாயாது. எரிக்கும் நேரத்தைப் போலவே அடுக்கும் நேரத்துக்கும் அவர்கள் மதிப்பளிக்கின்றனர். தளம் அமைப்போரோ வண்ணத்துக்குத் தரும் நேரத்தில் ஒரு பங்கையும் அடுக்கும் முறைக்குத் தருவதில்லை.

யார் செய்வது?

ஒவ்வொரு கூடமும் தனித்தனியே வல்லுநரை அமர்த்தி இப்பணியைச் செய்ய இயலாது. அவசியமும் இல்லை. தொழிற்பேட்டைக் கூடங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தளம் அமைத்து, ஒவ்வொரு கூடத்துக்கும் அதில் ஒரு பிரிவை ஒதுக்கலாம். சிறு தளங்கள் பத்து தனித்தனியே நிற்பதைவிட, ஒன்றுக்கொன்று இணைப்புத் தரும் பத்துப் பிரிவுகள் தேடுபொறிக்கும் வாங்குவோருக்கும் எளிதில் புலப்படும். பொதுத் தளத்தில் தன் வாடிக்கையாளரை அடுத்த கூடத்தார் கவர்ந்துவிடுவாரோ என்னும் அச்சம் உரிமையாளருக்கு எழுவது இயல்பே. ஆனால் குர்சாவும் மோர்பியும் ஊர்ப்பெயராலேயே வணிகரை ஈர்க்கும்போது, விருத்தாசலத்தின் கூடங்கள் தனித்தனியே நின்று போட்டியிடுவதால் இழப்பே மிகும். ஊர் அறியப்பட்ட பிறகே கூடத்தின் பெயருக்கு மதிப்பு வரும்.

தளவரைபடக் கோப்பை உருவாக்க இலவச மென்பொருள்கள் உள்ளன. பல தள அமைப்புச் செயலிகள் தாமாகவே அதனை உருவாக்கிவிடுகின்றன. கடினமான பகுதி கோப்பன்று. பொருள்களுக்குப் பெயரிடுவதும், படங்களுக்கு விளக்கம் எழுதுவதும், விற்றுத் தீர்ந்தவற்றின் முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதுமே. தமிழும் கணினியும் பயிலும் மேல்நிலை மாணவர்களும் பட்டயப் படிப்பு மாணவர்களும் பழகிக்கொள்ளத்தக்க பணிகள் இவை. பொருளைச் செய்பவரிடம் சென்று, அவர் வழங்கும் தொழிற்சொற்களைக் கேட்டு, அச்சொற்களாலேயே விளக்கம் எழுதுவது நல்ல மொழிப்பயிற்சியுமாகும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதிய பக்கமொன்றைத் தேடுபொறி படித்து அடைவில் சேர்க்கச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். கார்த்திகைத் தீபத்துக்கு அகல் வாங்கும் மொத்த வணிகர் ஐப்பசிக்கு முன்பே விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். களிமண் கூழ் அச்சில் இறங்கும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே அகல் விளக்குக்கான பக்கமும் எழுதப்பட்டுத் தளவரைபடத்தில் ஏறியிருந்தால்தான், சூளையிலிருந்து சரக்கு வெளிவரும் நாளில் அதைக் கேட்டு யாரேனும் அழைப்பார்.